கோணி ஊசியால் தைத்த நாவல்கள்

தமிழ் வாசகர்கள் அதிகம் நேசித்த நாய் எது என்று யாராவது கேட்டால், யோசிக்காமல் ஜீனோ என்று சொல்வேன். ரத்தமும் சதையும் இல்லாத நாய் அது. 1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வில் நாயகி நிலாவுக்குத் துணையாக வரும் குட்டி ரோபோ. பிறகு ‘மீண்டும் ஜீனோ’விலும் வந்தது. புத்தகம் படித்துப் படித்துத் தானாக யோசிக்கக் கற்றுக்கொண்ட நாய் உலக இலக்கியத்தில் வேறு எங்காவது இருக்கிறதா, எனக்குத் தெரிந்து இல்லை. சென்னைப் புறநகரில் எங்கள் அஸ்தினாபுரத்துக்காரர்களுக்கு அதன் மேல் கொஞ்சம் கூடுதல் உரிமையும் உண்டு. அதைப் படைத்தவர் மின்னணுவியல் படித்தது பக்கத்துக் குரோம்பேட்டையில், எம்.ஐ.டி.யில்.

சமீபத்தில் நான் படித்தவற்றில் மனசுக்கு மிகப் பிடித்தது எது என்றால் இந்த ஜீனோதான். ஆனால் நான் படித்தது கடையில் விற்கிற பதிப்பை அல்ல. எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா இருக்கிறார். விகடனில் தொடராக வந்த காலத்திலேயே வாரா வாரம் அந்தப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து, தன் கையாலேயே தைத்து வைத்திருக்கிறார். முதுகில் நீலக் காலிகோ துணி. அட்டை, பழைய மாத காலண்டரின் பின்பக்கம். ஜீனோ ஆபத்தில் மாட்டிக்கொள்கிற ஒரு அத்தியாயம் முடிந்து பக்கத்தைத் திருப்பினால் பிரஷர் குக்கர் விளம்பரம். இன்னொரு பக்கத்தின் ஓரத்தில் யாரோ ஒரு வாசகர் எழுதிய ஜோக்கின் கடைசி இரண்டு வரி. அந்த ஜோக்கின் தொடக்கம் என்றைக்கும் யாருக்கும் கிடைக்கப் போவதில்லை. அச்சிட்ட நூலில் இல்லாத ஒன்று இந்தத் தொகுப்பில் இருக்கிறது. அடுத்த இதழுக்காக ஒரு வீடே காத்திருந்த காலம் அந்தத் தாள்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இப்படித் தைப்பது ஒரு காலத்தில் தமிழ்நாட்டு வீடுகளில் சாதாரண வேலை. ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் ‘கல்கி’ இதழில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை வருஷம் ஓடியது. அதை முழுசாகச் சேர்த்துத் தைத்த தொகுப்புகள், மணியத்தின் ஓவியங்களோடு, இன்னும் பல வீட்டு அலமாரிகளில் இருக்கின்றன. கல்கியின் எழுத்துகள் 1999-இல் நாட்டுடைமை ஆனபின் எந்தக் கடையிலும் மலிவுப் பதிப்பு கிடைக்கிறது. இருந்தும் அந்தத் தொகுப்புகளை எந்தக் குடும்பமும் பழைய பேப்பர்காரரிடம் எளிதில் போட்டுவிடுவதில்லை.

பெரியம்மாவிடம் செய்முறையைக் கேட்டேன். முதலில் நடுப்பின்னை விரலால் நிமிர்த்தி எடுத்துவிட வேண்டும். இழுத்துக் கிழித்தால் உள்ளோரத்து எழுத்து போய்விடும். பக்கங்களை வரிசைப்படுத்தி, மேலே அம்மிக்குழவியை ஒரு ராத்திரி வைத்தால் படிந்து உட்காரும். பிறகு ஓரத்தில் குத்தூசியால் துளை. கோணி ஊசியில் இரட்டைச் சணல் நூல் கோத்து இழுத்துக் கட்ட வேண்டும். பசை மைதா மாவில் காய்ச்சியது, அதில் ஒரு சிட்டிகை மயில்துத்தம். “துத்தம் போடலேன்னா ராமபாணப் பூச்சி உனக்கு முன்னாடி படிச்சு முடிச்சுடும்டி” என்றார். துத்தம் விஷம் என்பதால் அந்தக் கிண்ணத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் தனியாகவே வைத்திருந்தாராம்.

அதே கைதான் அவர் வீட்டில் போர்வையும் தைக்கிறது. நான் அவரிடம் போக ஆரம்பித்ததே அதற்காகத்தான். நூல் புடவை கட்டிக் கட்டி மெத்தென்று ஆன பிறகுதான் அதன் உண்மையான சுகம் தெரியும். உடம்புப் பகுதி நைந்தாலும் முந்தானையும் கொசுவத்துக்கு உள்பக்கமும் உறுதியாகவே இருக்கும். அவற்றைச் சதுரம் சதுரமாக வெட்டி, நிறம் பார்த்து அடுக்கி, முதலில் மிஷினில் இணைத்துவிடுவார். அடியில் இன்னொரு முழுப் புடவை, நடுவில் பழைய பெட்ஷீட். மூன்றையும் சேர்த்து மேலிருந்து கீழே கையாலேயே ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போக வேண்டும். பஞ்சு வைப்பதே இல்லை. நம் ஊர் மார்கழிக்கு மூன்று அடுக்குத் துணி தாராளம். சுங்கடி, கண்டாங்கி, சின்னாளப்பட்டி எல்லாம் ஒரே போர்வையில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். இது யார் சீமந்தத்துக்குக் கட்டியது, இது யார் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது என்று ஒவ்வொரு சதுரத்துக்கும் அவரிடம் ஒரு பதில் உண்டு.

வங்காளத்தின் காந்தா, பீகாரின் சுஜனி, மராட்டியத்தின் கோதடி, வட கர்நாடகத்தின் கவுதி எல்லாமே பழந்துணியை அடுக்கித் தைப்பதுதான். அவற்றுக்கெல்லாம் ஒரு பெயரும், கடையில் ஒரு விலையும் வந்துவிட்டன. நம்மிடம் தேருக்கும் கோயில் மண்டபத்துக்கும் தொங்கும் தொம்பைகளில் வண்ணத் துணிகளை வெட்டி ஒட்டித் தைக்கும் கலை தஞ்சைப் பக்கம் அருமையாக இருக்கிறது. வீட்டுப் போர்வையை மட்டும் யாரும் கலை என்று சொன்னதில்லை. பிறந்த குழந்தையைக் கிடத்தப் பழம்புடவை தைப்பது பாட்டிகளின் வேலை, அவ்வளவுதான். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தின் கீஸ் பெண்ட் என்ற சிற்றூரிலும் நிலைமை அப்படித்தான் இருந்தது. அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள், வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிக் குளிருக்குப் போர்வை தைத்தார்கள். 2002-இல் நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகம் அந்தப் போர்வைகளைச் சுவரில் மாட்டியது. பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். 2006-இல் அமெரிக்க அஞ்சல் துறை அவற்றை அஞ்சல்தலையாக வெளியிட்டது. சென்னையிலும் 2019 ஜனவரியில் குவில்ட் தைப்பவர்களுக்கென்றே ஒரு திருவிழா நடந்தது. பெரியம்மா போன்றவர்களின் போர்வைகள் அப்படிப்பட்ட இடத்துக்குப் போக வேண்டும் என்பது என் ஆசை.

போர்வைக்கு உதவாத துண்டு துணுக்கெல்லாம் எங்கள் தெருவில் நாய்களுக்குப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் அஸ்தினாபுரத்துத் தெருக்களில் மழைத்தண்ணீர் எப்படி நிற்கும் என்பது இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நாய்கள் படியேறி, வாசல் ஓரத்தில், பைக் மூடிய தார்ப்பாய்க்கு அடியில் சுருண்டுகொள்ளும். சாக்கைப் போட்டால் நனைந்து நாறிவிடும். டெய்லர் கடை வெட்டுத்துணியை உள்ளே திணித்து, மேலே பழைய ஜீன்ஸ் துணி வைத்துத் தைத்தால் நல்ல விரிப்பு. இரண்டு நாள் வெயிலில் போட்டால் காய்ந்துவிடும். தைக்கும்போது சில விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பட்டன், ஹூக், ஜரிகை எதுவும் இருக்கக் கூடாது. குட்டிகள் கடித்து விழுங்கிவிடும். ஓரத்தைப் பிசிறு தெரியாமல் மடித்து இரண்டு தடவை அடிக்க வேண்டும். நைலான் துணி வேண்டாம்.

என் வீட்டில் இரண்டு நாய்கள். ஒன்று தெருவில் பிறந்து உள்ளே வந்த கறுப்பி. இன்னொன்று யாரோ வளர்க்க முடியாமல் கொடுத்த கன்னி வகைப் பெண் நாய், கால்கள் எல்லாம் நீளம் நீளமாக. அதைப் பற்றித் தெரிந்துகொள்ளத்தான் தியடோர் பாஸ்கரனின் ‘இந்திய நாயினங்கள்’ நூலைக் கையில் எடுத்தேன். தமிழ்நாட்டின் தலைமை அஞ்சல் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர், காட்டுயிர் பற்றியும் தமிழ் சினிமா வரலாறு பற்றியும் அரை நூற்றாண்டாக எழுதி வருபவர். நாய் வளர்ப்புக் கையேடு என்று நினைத்துத் திறந்தால் அது ஒரு சமூக வரலாறு. வேட்டை நாய், காவலும் மேய்ச்சலும் பார்க்கும் நாய், மடியில் கிடக்கும் நாய் என்று நம் நாட்டு இனங்களை வகைப்படுத்திச் சொல்லிக்கொண்டே போகிறார். ராஜபாளையத்தின் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும், தேனிப் பக்கத்துக் கோம்பையின் கரிய முகம், முயலை ஓடிப் பிடிக்கவே உண்டானது போன்ற சிப்பிப்பாறையின் ஒல்லி உடம்பு என ஒவ்வொன்றையும் அது பிறந்த மண்ணோடு சேர்த்துக் காட்டுகிறார். வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த இனங்கள்தான் உயர்ந்தவை என்று நாமும் நம்பி, இங்கேயே ஆயிரம் வருஷமாக இருந்தவற்றைக் கைவிட்டோம். அந்த வருத்தம் புத்தகம் முழுக்க ஓடுகிறது. எனக்கும் அதே வருத்தம் உண்டு. சாயங்காலம் நெமிலிச்சேரிப் பக்கம் நடந்தால் சித்திரை வெயிலில் சடை மயிரோடு இரைக்கும் ஹஸ்கிகளைப் பார்க்கிறேன். பனிப் பிரதேசத்து ஜீவனை இந்தப் புழுக்கத்துக்குக் கொண்டுவந்து வைத்திருப்பது கொடுமை.

கீஸ் பெண்ட் போர்வை அஞ்சல்தலையானதற்கு முந்தைய வருஷம், 2005-இல், நம் அஞ்சல் துறை ராஜபாளையம், முதோல், ராம்பூர், இமாலய ஆட்டு நாய் நான்கையும் அஞ்சல்தலையில் போட்டது. அதற்கு ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேல் முன்னாலேயே தமிழர்கள் ஒரு நாயைக் கல்லில் பெயரோடு பொறித்தார்கள். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் இருக்கும் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல்லில் வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் இருக்கிறது. கோவிவன் என்ற அந்த நாய் திருடர்களைக் கடித்துக் காவல் காத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. இதைப் பெரியம்மாவிடம் சொன்னதும் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, “பேர் என்ன சொன்னே?” என்று இரண்டு தடவை கேட்டார். மறுவாரமே எங்கள் தெரு முனையில் காவல் இருக்கும் செவலை நாய்க்கு அந்தப் பெயர் வந்துவிட்டது.

அவர் வீட்டு போர்ட்டிகோவில் சாயங்காலம் கூடுகிறவர்கள் நாலைந்து பேர். கையில் ஆளுக்கொரு துணி இருக்கும். புத்தகம் பற்றிய பேச்சு தானாக வரும். “அக்கா, அந்த நாய் புக்கு முடிச்சாச்சா? அடுத்து நான்தானே?” என்று ஒருத்தி கேட்டு வாங்கிப் போவாள். ஆர். கே. நாராயணின் மால்குடிக் கதைகளில் ‘அட்டிலா’ என்று ஒரு நாய் உண்டு. காவலுக்காக வளர்க்கப்பட்டு, திருடனிடமே பிரியமாகப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கதையைக் கேட்டு எல்லோரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அதே ஆசிரியரின் குருட்டு நாய்க் கதை அதற்கு நேர்மாறு. கண் தெரியாத ஒரு பிச்சைக்காரருக்கு வழிகாட்டியாகக் கட்டிப்போடப்பட்ட டைகர், கட்டு அறுபட்டுச் சுதந்திரமாகத் திரிந்த பிறகும் அவரிடமே திரும்பி வருகிறது. அது பாசமா, பழக்கமா, அடிமைத்தனமா என்று அன்றைக்கு இருட்டும் வரை வாதம் நடந்தது. எனக்கு அது பாசம் இல்லை என்றுதான் இப்போதும் தோன்றுகிறது. ஜாக் லண்டன் 1903-இல் எழுதிய நாவலை பெரியசாமித் தூரன் ‘கானகத்தின் குரல்’ என்று தமிழில் தந்திருக்கிறார். அதில் பக் என்ற நாய், மனிதர்களின் வாரடியும் பிரியமும் இரண்டையும் கடந்து காட்டுக்குப் போய்ச் சேர்கிறது. டைகரைப் படித்தவர்கள் அடுத்ததாக பக்கையும் படிக்க வேண்டும்.

தையலுக்காக நான் சிபாரிசு செய்வது வங்கக் கவி ஜசீமுத்தீனின் ‘நக்ஷி காந்தார் மாட்’, 1929-இல் வந்த நெடுங்கவிதை. கணவன் ரூபை ஊரைவிட்டு ஓட வேண்டி வந்தபின், சாஜு என்ற பெண் தன் வாழ்க்கையை முழுசாக ஒரு காந்தா போர்வையில் படம் படமாகத் தைக்கிறாள். தன் கல்லறை மேல் அதை விரிக்கச் சொல்லிவிட்டு இறந்துபோகிறாள். ஊசியால் எழுதிய சுயசரிதை அது. ஆங்கில வழியாகப் படித்தேன். தமிழில் நல்ல மொழிபெயர்ப்பாக வர வேண்டிய நூல்.

புத்தகத்து நாய்களை விட்டு நிஜ நாய்களைப் பற்றிப் பேசும்போது எங்கள் தெருவும் எல்லாத் தெருவையும் போல இரண்டாகத்தான் இருக்கிறது. சோறு வைப்பவர்களும் இருக்கிறார்கள், டியூஷன் போகும் பிள்ளையைத் துரத்தியது என்று கோபப்படுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. நாய்களை நேசிப்பவர்கள் அதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். 2025 ஆகஸ்டில் டெல்லித் தெருநாய்கள் எல்லாவற்றையும் காப்பகத்தில் அடைக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், அதே மாதம் 22ஆம் தேதி அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடித்து, வெறிநோயோ மூர்க்கமோ இல்லாதவற்றைப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும், சோறு வைக்கத் தனி இடம் ஒதுக்க வேண்டும் என்றது. பிடித்து, கருத்தடை செய்து, திரும்ப விடும் இந்த முறையைச் சென்னையில் ப்ளூ கிராஸ் அமைப்பு 1964-லேயே தொடங்கிவிட்டது. கருத்தடை ஆன நாயின் காது நுனியில் சிறு வெட்டு இருக்கும். எங்கள் போர்ட்டிகோ கூட்டத்தில் எல்லோருக்கும் இப்போது அதைப் பார்த்துச் சொல்லத் தெரியும். வெட்டு இல்லாத நாய் புதிதாக வந்தால் மாநகராட்சிக்குச் சொல்கிறோம். சோறு பிள்ளைகள் விளையாடும் இடத்தில் வைப்பதில்லை. கடித்தால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஊசி போட வேண்டும் என்பதைச் சோறு வைப்பவர்கள்தான் தெருவுக்கே சொல்லித் தந்திருக்கிறார்கள்.

போர்ட்டிகோவில் தைக்கும்போது படிக்க முடியாதே என்று கேட்கலாம். கண்ணும் கையும் துணியில் இருக்கும். காது சும்மாதான் இருக்கிறது. ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் தைப்பார்கள். ஹவானாவின் சுருட்டுத் தொழிற்சாலைகளில் 1865 முதல், இலை சுருட்டும் தொழிலாளிகளுக்கு நாவல் வாசித்துக் காட்ட ஆள் வைத்திருந்தார்கள். அங்கே மிகவும் பிடித்துப்போன ஒரு நாவலின் பெயரில்தான் மாண்டிகிறிஸ்டோ சுருட்டு வந்தது. கண்ணூரில் பீடி சுற்றியவர்கள் செய்தித்தாளும் இலக்கியமும் வாசிக்கக் கேட்டு வளர்ந்தவர்கள். எங்களுக்கு வாசிக்க ஆள் இல்லாத நாளில் பவா செல்லதுரை கதை சொல்லும் காணொளியை ஓடவிட்டுக்கொள்கிறோம்.

ஒரு நாளில் முழுசாக ஒரு மணி நேரம் யாருக்கும் சேர்ந்தாற்போல் கிடைப்பதில்லை. குக்கர் கூப்பிடும், நாய் கதவைப் பிறாண்டும், தண்ணீர் லாரி ஹாரன் அடிக்கும். அப்படி வெட்டுப்பட்ட நேரத்தில் படிப்பது அரைகுறைப் படிப்பு என்று நினைப்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்க மாட்டேன். தமிழ் உரைநடையின் பெரும் பகுதி அப்படிப் படிக்கப்படுவதற்காகவே எழுதப்பட்டது. வாரம் ஓர் அத்தியாயம் படித்துவிட்டு மிச்ச நாளெல்லாம் அதையே நினைத்துக்கொண்டு மாவரைத்தவர்கள்தான் கல்கியையும் சுஜாதாவையும் வளர்த்தார்கள். அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ மெல்லிய நாவல். ஜமுனாவும் டீச்சரம்மாவும் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலையும் பக்கங்களை நான் லாரிக்குக் காத்திருந்த வரிசையில்தான் படித்தேன். 2019 கோடையை இந்தப் புறநகரில் கழித்தவர்களுக்கு அந்த நாவலில் ஒரு வரிகூட விளக்க வேண்டியிருக்காது. அம்பையின் ‘வீட்டின் மூலையில் ஒரு சமையலறை’யை அடுப்படியில் நின்றபடி படித்த ஒருத்தி, “இவங்க நம்ம வீட்டுக்கு எப்போ வந்தாங்க?” என்று கேட்டாள். கதை நடப்பது ராஜஸ்தானத்தில். அமைதியான அறையில் உட்கார்ந்து படிப்பவருக்கு அந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

புத்தகங்கள் எங்கிருந்து வருகின்றன என்றால், கிளை நூலகம் ஒரு பக்கம், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இன்னொரு பக்கம். தையல் மிஷினுக்குப் பழைய உதிரிச் சாமான் தேடிப் போய், தரையில் குவித்திருப்பதில் ஒரு நாவலோடு திரும்பியிருக்கிறேன். வீட்டில் தைத்த தொகுப்புகளும் இப்போது அங்கே வரத் தொடங்கியிருக்கின்றன. தாத்தா பாட்டி போன பிறகு வீட்டைக் காலி செய்பவர்கள் எடைக்குப் போட்டவை. கண்ணில் பட்டால் வாங்கிவிடுங்கள். பிரித்துப் பாருங்கள், நூல் இற்றிருந்தால் மறுபடி தைக்கலாம்.

வார இதழ் ஆசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. தொடர்கதை போடுங்கள். போடும்போது நடுப்பின் பக்கத்தில், எட்டுப் பக்கமும் ஒரே கதையாக, முன்னும் பின்னும் வேறு கட்டுரை வராமல் போடுங்கள். உள்ளோரத்தில் ஓர் அங்குலம் வெற்றிடம் விடுங்கள், ஊசி இறங்க அது வேண்டும். பளபளப்பான தாள் வேண்டாம். மைதா பசை அதில் ஒட்டாது. பக்க எண்ணைத் தொடருக்குத் தனியாக முதல் வாரத்திலிருந்தே போட்டுக்கொண்டு வந்தால், கடைசி வாரம் முடிந்த மறுநாளே எங்கள் தெருவில் ஒரு புத்தகம் தயாராகிவிடும். விளம்பரம் ஒன்றிரண்டு இருந்தால் பரவாயில்லை, அதையும் சேர்த்தே தைத்துக்கொள்வோம்.